குலுக்கைக்குள் ஒரு கள்வன்

கடலாடி என்ற பெயரில் கடல் இருக்கிறது; ஊரில் இல்லை. கடற்கரைக்குப் போக இன்னும் சில மைல் தெற்கே செல்ல வேண்டும். முதுகுளத்தூருக்கும் சாயல்குடிக்கும் இடையிலுள்ள இந்தப் பூமியில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பனைமரங்களும், கருவேலங்காடும், வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கண்மாய்களுமே. ராமநாதபுரம் ஜில்லாவில் வருஷத்துக்குச் சராசரியாகப் பெய்யும் மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். ஆகவே நெல் இங்கே ஒரே போகம். ஆவணி, புரட்டாசியில் விதைப்பார்கள். தை, மாசியில் அறுப்பார்கள். அறுத்ததை அடித்துத் தூற்றி வீட்டில் கொண்டுவந்து சேர்த்தால், அடுத்த தை பிறக்கும் வரையில் பதினொரு மாத காலம் அந்த நெல்தான் சோறு. அந்த நெல்தான் விதை.

இந்தப் பதினொரு மாதமும் நெல்லைக் காப்பது யார்? வாசற்கதவுக்குப் பூட்டு உண்டு. எலிக்குப் பூனை உண்டு. ஆனால் குலுக்கைக்கு உள்ளேயே பிறந்து, உள்ளேயே வளர்ந்து, உள்ளேயே தின்று தீர்க்கும் கள்வனுக்குப் பூட்டும் இல்லை, பூனையும் இல்லை. அவன் வந்திருக்கும் செய்தியே வீட்டுக்காரருக்கு வெகு தாமதமாகத்தான் எட்டுகிறது. நெல்லை அள்ளும்போது மாவு பறந்தால், சோற்றில் கசப்புத் தட்டினால், அப்போது "ஐயோ, உளுத்துப் போயிற்றே!" என்று அங்கலாய்க்கிறோம். பூச்சியை எப்படிக் கொல்வது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பூச்சி வந்திருக்கிறதா என்று காலத்தில் அறிவது எப்படி என்பதையே நாம் இங்கே ஆராயப் புகுகிறோம்.

கள்வரின் குலமும் கோத்திரமும்

நெல்லுக்கும் அரிசிக்கும் எல்லாப் பூச்சியும் ஒன்றல்ல. நெல்லுக்கு முதல் எமன் அந்து. வைக்கோல் நிறத்தில் சிறியதாக இருக்கும் இந்தப் பூச்சி, சில சமயங்களில் வயலிலே முற்றும் கதிரிலேயே முட்டையிட்டு, அறுவடையோடு வண்டியேறி வீட்டுக்கு வந்துவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு மணிக்குள் நுழைந்து உள்ளிருப்பதைத் தின்கிறது. பிறகு, தான் வெளியேறுவதற்கென்று வட்டமான சிறு கதவு ஒன்றை, மேல்தோலை மட்டும் விட்டுவைத்து அரித்து அமைத்துக்கொண்டு, கூட்டுப்புழுவாகி உறங்குகிறது. அந்தக் கதவு திறக்கும் வரையில் அந்த மணி நல்ல மணியைப் போலவே இருக்கும். அந்து பெரும்பாலும் குவியலின் மேற்பரப்பிலேயே வாழும்.

இரண்டாவது, துளைவண்டு. கரும்பழுப்பு நிறம், சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், தலையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டது போன்ற தோற்றம். இது அந்துவைப் போல் மேலே நிற்பதில்லை. குவியலின் ஆழத்துக்கும் இறங்கிவிடும். தின்பதைக் காட்டிலும் அதிகமாக மாவாக்கித் தள்ளும்.

அரிசிக்குச் சத்துரு கூன்வண்டு. உமி பிளவுபடாத நெல்லில் இது எளிதில் நுழைவதில்லை; தீட்டிய அரிசியைக் கண்டால் விடுவதில்லை. நீண்ட மூக்கினால் அரிசியில் ஒரு குழி தோண்டி, அதில் ஒரு முட்டையிட்டு, பசை போன்ற ஒரு பொருளால் குழியை மூடிவிட்டு அடுத்த மணிக்குப் போகும். விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கும் சிட்டோபிலஸ் என்ற கிரேக்கப் பெயருக்குத் தானியப் பிரியன் என்று அர்த்தம். பெயர் வைத்தவருக்கு ஹாஸ்ய உணர்ச்சி இருந்திருக்க வேண்டும். கடைசியாக வருவது சிவப்பு மாவுவண்டு. மற்றவர்கள் உடைத்துப் போட்ட நொய்யையும் மாவையும் தின்ன வருகிற இது, அரிசிக்கு ஒரு துர்நாற்றத்தையும் கொடுத்துவிட்டுப் போகும்.

நம்முடைய உஷ்ணத்தில் இவற்றுக்கு ஒரு தலைமுறை என்பது ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு பெண் வண்டு இடக்கூடிய முட்டைகள் சில நூறு. அவ்வளவும் பிழைப்பதாகக் கொள்ள வேண்டாம். இருபதே பிழைத்து, அவற்றில் பாதி பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடியிலிருந்து முதல் மாத முடிவில் 20. இரண்டாம் மாதம் 200. மூன்றாம் மாதம் 2,000. நான்காம் மாதம் 20,000! இருநூறுக்கும் இருபதினாயிரத்துக்கும் இடையே இருப்பது இரண்டே மாதம். மாசியில் சேர்த்த நெல்லைச் சித்திரையில் பார்ப்பவருக்கும் ஆனியில் பார்ப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

ஒரு கைப்பிடி சொல்லும் பொய்

"நாங்கள் பார்க்காமலா இருக்கிறோம்? வாரம் தவறாமல் கையை விட்டு அள்ளிப் பார்க்கிறோமே!" என்று கேட்கும் இல்லத்தரசிகள் உண்டு. அவர்களுக்காக ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

ஒரு கிலோ நெல்லில் உத்தேசமாக 40,000 மணிகள் இருக்கும். 75 கிலோ மூட்டையொன்றில் 30 லட்சம் மணிகள். அதில் முப்பது மணிகளில் பூச்சி பிடித்திருக்கிறதென்று கொள்வோம். அதாவது லட்சத்துக்கு ஒன்று. நாம் அள்ளும் கைப்பிடியில் 50 கிராம், அதாவது 2,000 மணிகள் வரும். அந்த முப்பதில் ஒன்றாவது நம் கையில் சிக்க வேண்டுமானால், சராசரியாக ஐம்பது தடவை அள்ள வேண்டும். சிக்கினாலும், கதவு திறக்காத மணியைக் கண்டு இது கெட்டது என்று யார் சொல்ல முடியும்? ஆகவே "கையில் ஒன்றும் அகப்படவில்லை" என்பதற்கு "நெல்லில் ஒன்றும் இல்லை" என்று பொருள் கொள்ளலாகாது.

மேலும், பூச்சிகள் சமமாகப் பரவி நிற்பதில்லை. அந்து மேலே, துளைவண்டு ஆழத்தில், ஈரம் தட்டிய சுவர் ஓரத்தில் ஒரு கூட்டம், மாவு தங்கிய அடிப்பாகத்தில் ஒரு கூட்டம். தென்பாண்டி நாட்டு மண் குலுக்கையில் அடியிலே ஒரு துவாரம் வைத்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். அதைத் திறந்தால் நடுவில் உள்ள நெல் சரிந்து வரும். சுவரை ஒட்டிய நெல் அசையாமல் நிற்கும். துவாரத்தின் வழி வருவதை மட்டும் பார்த்துத் திருப்தியடைகிறவர், வீட்டின் நடுக்கூடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருடன் இல்லை என்று சொல்லுகிறவரை ஒப்பார். குலுக்கை போய், இன்று பெரும்பாலான வீடுகளில் சாக்கும் தகர டிரம்மும் வந்துவிட்டன. மேலாக ஒரு கை அள்ளிப் பார்க்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

கடலோரத்துக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. நெல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். களத்தில் நன்றாகக் காய்ந்து, நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஈரத்தோடு உள்ளே போன நெல், கடற்காற்றும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் பதினான்கு பங்குக்கு ஏறிவிடக் கூடும். ஈரம் ஏற ஏறப் பூச்சிக்குக் கொண்டாட்டம். பூச்சி பெருகிய இடத்தில் நெல் சூடேறும். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அங்கே கூட்டம் கூடியிருக்கிறதென்று அறிந்த பாட்டிமார்கள் இருந்தார்கள். அது உண்மையான சாஸ்திரமே. ஆனால் கைக்குச் சூடு தெரியும்போது பூச்சிகள் ஆயிரக்கணக்கில் ஆகியிருக்கும்.

வியாபாரிகள் குத்தூசி வைத்திருக்கிறார்கள். கூர்முனையும் நீண்ட பள்ளமும் உடைய அந்த இரும்புக் கருவியைச் சாக்கில் செருகி இழுத்தால் உள்ளிருக்கும் தானியம் பள்ளத்தின் வழியாக வந்து விழும். பல மூட்டைகள் இருக்கும் இடத்தில் இதைப் பயன்படுத்த ஒரு முறை உண்டு. பத்து மூட்டை வரையில் ஒவ்வொன்றையும் குத்திப் பார்க்க வேண்டும். நூறு வரையில், முன்னேற்பாடில்லாமல் அங்குமிங்குமாகப் பொறுக்கிய பத்து மூட்டை. நூறுக்கு மேற்பட்டால் மொத்தத்தின் வர்க்கமூலம், அதாவது 400 மூட்டைக்கு 20. ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி மூன்றையும் எடுக்க வேண்டும். எடுத்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து குவித்து, குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பாகங்களை நீக்கி, மீதியை மறுபடி கலந்து பிரித்து, அரைக் கிலோவுக்குக் குறைத்துச் சல்லடையில் சலித்து எண்ண வேண்டும். வாசல் பக்கத்து மூட்டையில் ஒரு குத்துக் குத்திவிட்டு "சரக்குச் சுத்தம்" என்று சொல்வது சோதனையாகாது, அது சம்பிரதாயம்.

கோயமுத்தூரின் குழாய்

தானியக் களஞ்சியத்துக்கென்று தனி அதிகாரியை வைக்க வேண்டுமென்று அர்த்த சாஸ்திரம் விதித்திருக்கிறது. ஆகவே இந்தக் கவலை நமக்குப் புதிதன்று. நவீன முறையில் நம் பூச்சிகளை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் கோயமுத்தூரில் பணியாற்றிய டி. வி. ராமகிருஷ்ணய்யர். தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றிய அவருடைய கைநூல் 1940-இல் வெளிவந்தது. அவர் காலத்து விவசாயக் கல்லூரியே 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நாம் சொல்லப்போகும் குழாய் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் உருவாயிற்று.

தானியத்துக்குள் செருகி வைக்கும் பொறி என்ற யோசனை முதலில் கனடாவில் தோன்றியது. லோஸ்கியாவோ, அட்கின்ஸன் என்ற இருவர் 1967-இல் அதைப் பிரசுரித்தார்கள். அங்கே கோதுமைக் கிடங்குகள் மலை மலையாக இருக்கும். நம்முடைய தேவையோ 25 கிலோ டின்னுக்கும் ஒரு மூட்டை நெல்லுக்கும். கோயமுத்தூர்ப் பேராசிரியர் எஸ். மோகன் அந்த யோசனையை நம் வீட்டு அளவுக்குக் கொண்டுவந்தார். கருவி மிகவும் எளியது. 2 மில்லிமீட்டர் துளைகள் நெருக்கமாக இட்ட ஒரு குழாய், அதன் அடியில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு கூம்பு, அவ்வளவே. மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம், இரை வேண்டாம்.

இது எப்படி வேலை செய்கிறது? தானியத்துக்குள் இருக்கும் வண்டு ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்று இருக்கும் பக்கம் நாடி ஊர்ந்துகொண்டே இருக்கும். துளைகளுக்கு அப்பால் காற்று இருப்பதை உணர்ந்து உள்ளே நுழையும். நுழைந்தால் கால் ஊன்ற இடமில்லை. நேரே கூம்பில் விழும். கூம்பின் சுவர் வழுவழுப்பானது, ஏற முடியாது. குத்தூசி ஒரு கணத்தில் ஓரிடத்தைப் பார்க்கிறது. குழாயோ வாரம் முழுவதும் இரவும் பகலும் உள்ளேயே காவல் இருக்கிறது; கள்வனைத் தேடி நாம் போவதற்குப் பதிலாக அவனே நம்மைத் தேடி வருகிறான். இரண்டையும் ஒப்பிட்டுச் சோதித்தபோது, குத்தூசிக்குத் தப்பிய பூச்சிகள் குழாயில் பன்மடங்காக அகப்பட்டன.

25 கிலோ டின்னுக்கு இரண்டு அல்லது மூன்று குழாய் போதும். மேல் ஆறு அங்குலத்துக்குள் நிற்கும்படி செங்குத்தாகச் செருகி வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை வீடு மெழுகும் நாளாகவே இருக்கட்டும், குழாயை எடுத்துக் கூம்பைக் கழற்றி ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்து எண்ண வேண்டும். எண்ணியதை நாட்காட்டியில் தேதிக்கு எதிரே குறித்து வைக்க வேண்டும். இந்தக் குறிப்புத்தான் முக்கியம் என்பது நமது கருத்து. இந்த வாரம் 2, அடுத்த வாரம் 3, அதற்கடுத்த வாரம் 11 என்றால், அந்தப் பதினொன்று பேசுகிறது.

பயறு வகைகளுக்கு வேறொரு தந்திரம் இருக்கிறது. பயறுவண்டு மணியின் மேல் முட்டையை ஒட்டிவிடும். புழு உள்ளே போய்விடும். வெளிவந்த வண்டுகள் மேற்பரப்பில் சுற்றும். சேமித்த உளுந்திலிருந்து 200 கிராம் எடுத்து, துளையிட்ட சிறு கிண்ணமொன்றில் போட்டு, அடியிலுள்ள தட்டில் வாஸ்லைன் தடவி அலமாரியில் வைத்துவிடுவது. மூட்டையில் வண்டு வெளிவரும் அதே காலத்தில் கிண்ணத்திலும் வெளிவந்து, துளை வழியே விழுந்து, வாஸ்லைனில் ஒட்டிக்கொள்ளும். முதல் வண்டு ஒட்டிய அன்றே மொத்த உளுந்தையும் வெயிலில் காயவைக்க வேண்டும். ஓர் இருநூறு கிராமைத் தூதனாக வெளியே நிறுத்தி உள்நாட்டுச் செய்தியை அறியும் இந்த யுக்தி நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கருவியின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. மணிக்குள் இருக்கும் புழுவைக் குழாய் பிடிக்காது. வெளிவந்து நடமாடும் வண்டைத்தான் பிடிக்கும். அந்துக்கு இது அவ்வளவாக உதவாது. அந்து மேலே பறக்கிற ஜாதி. அதற்கு மாலை வேளையில் சாக்கின் மேற்புறத்தைத் தட்டிப் பார்ப்பதே வழி. குளிர்ந்த மார்கழியில் வண்டுகளின் நடமாட்டம் குறைவதால் எண்ணிக்கையும் குறைவாகக் காட்டலாம்.

கிடங்கும் மாத்திரையும்

இந்தியா தன் உணவுக்குப் பிறநாட்டுக் கப்பலை எதிர்பார்த்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த நிலை மாற வேண்டுமென்று உண்டான ஸ்தாபனங்களுள் ஒன்று இந்திய உணவுக் கழகம். அதன் முதல் ஜில்லா அலுவலகம் 1965 ஜனவரி 14 அன்று தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததை உலையில் ஏறும் வரையில் காப்பது மறுபாதி. பெரிய கிடங்குகளில் அடுக்கின் வெளிப்புற மூட்டைகளைத்தான் குத்தூசி எட்டும். நடு அடுக்கில் நடப்பது தெரியாது. அங்கே 4 வாட் புற ஊதா விளக்குப் பொறியைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் மூலைகளில் வைக்கலாமென்று கோயமுத்தூர்க்காரர்கள் கண்டிருக்கிறார்கள். மாலையில் வெளியே வந்து மூலைகளை நாடும் துளைவண்டுகள் அதில் விழுகின்றன. நடு அடுக்கின் செய்தியும் அவற்றோடு வெளியே வருகிறது.

கிடங்குகளில் பூச்சி மிகுந்தால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூட்டம் போடுவார்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். காற்றுப் புகாத பாயால் அடுக்கை மூடி, ஒரு வாரம் அடைத்து வைத்து, பயிற்சி பெற்றவர்கள் செய்யும் காரியம் இது. இந்த மாத்திரையை வீட்டு டின்னில் போடும் வழக்கம் சில இடங்களில் பரவியிருப்பதைக் கண்டிக்காமல் இருக்க முடியாது. மக்கள் உறங்கும் அறையில் அந்த வாயு கசிந்தால் மாண்டுபோவது வண்டு மட்டுமல்ல, குழந்தைகளும்தான். அரசாங்க ஸ்தாபனங்களுக்கும் உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளர்களுக்கும் தவிர வேறு யாருக்கும் இதை விற்கக் கூடாதென்று நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. போதாக்குறைக்கு, துளைவண்டும் மாவுவண்டும் பல இடங்களில் இந்த வாயுவையே தாங்கப் பழகிவிட்டன.

பூச்சியை இருபதாக இருக்கும்போதே கண்டுவிட்டவருக்கு விஷம் எதற்கு? ராமநாதபுரம் ஜில்லாவில் மழைக்குப் பஞ்சம் உண்டு. வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. பங்குனி, சித்திரை வெயிலில் களத்தில் மெல்லியதாகப் பரப்பினால் வண்டு ஓடும், புழு சாகும். ஆனால் விதை நெல்லை உச்சி வெயிலில் போடலாகாது. காலையிலும் பிற்பகலிலும் காயவைத்து, நடுப்பகலில் நிழலுக்கு மாற்ற வேண்டும். அரிசியை வெயிலில் போட்டால் வெடித்து நொய்யாகும். அதை நிழலில் பரப்பிச் சுளகில் புடைப்பதே நல்லது. பழைய சாக்கை உதறிக் காயவைக்காமல் புது நெல்லைக் கட்டுவது, கள்வனுக்கு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாம் குடியேறுவது போலாகும். வேப்பிலை, நொச்சி, வசம்பு ஆகியவை வரவிருக்கும் பூச்சியை ஓரளவு தடுக்கும். மணிக்குள் புகுந்துவிட்ட புழுவை அவை ஒன்றும் செய்வதில்லை.

இக்காலத்தில் ஒருவர் கேட்கலாம்: "2011 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறதே, வீட்டு நெல்லுக்கு இவ்வளவு பாடு எதற்கு?" சோற்றுக்கு ரேஷன் கடை உண்டு, வாஸ்தவம். விதைக்கு?

கடலாடிப் பக்கத்து விதைப்பு மற்ற இடங்களைப் போல நாற்றங்காலில் முளை கட்டி விடுவதன்று. காய்ந்த புழுதியில் விதையைத் தூவி, உழுது மூடிவிட்டு, மழைக்குக் காத்திருக்க வேண்டும். சில வருஷங்களில் விதை பல நாட்கள் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். முளைக்கருவைப் பூச்சி தின்றுவிட்ட மணிக்கு மழை வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். மழை பெய்து பத்து நாளான பிறகு, வயல் சொட்டைத் தலை போல முளைத்திருப்பதைக் கண்டு மறுபடி விதைக்கலாமென்றால் பருவம் போய்விடும். வீட்டில் வேறு விதையும் இராது. மாசியில் தொடங்கிய அலட்சியத்தின் விலையை ஐப்பசியில், ஒரு முழு வருஷ வெள்ளாமையாகக் கொடுக்க நேரிடும். தாது வருஷத்துப் பெரும் பஞ்சத்தை, 1876 முதல் 1878 வரை, அனுபவித்த நாட்டில் விதை நெல்லின் அருமையைப் பற்றி நாம் அதிகம் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலும் விதையோடும் உரத்தோடும் இந்தக் குழாயையும் விற்பனைக்கு வைக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஊருக்குப் பத்துக் குழாய் வாங்கி வீடு வீடாகச் சுற்றுக்கு விட்டாலும் போதும். அதுவரையில், குழாய் இல்லாத வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆடி மாதத்தில், விதைப்புக்கு முன்பாக, விதை மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடங்களிலிருந்தும் நெல்லை எடுத்துக் கலந்து, பொறுக்காமல் நூறு மணியை எண்ணி, ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்து வந்து, ஒரு வாரம் கழித்துப் பிரித்து எண்ண வேண்டும். எண்பதும் அதற்கு மேலும் முளைத்திருந்தால் அது விதை. அறுபதுதான் முளைத்திருக்கிறதென்றால், வேறு விதை தேட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.